‘நாம்’ என்று எழுதும்போது

ஒரு படம் வெளியான வாரத்திலேயே அதைப் பற்றிப் பெண்ணிய நோக்கில் நாலைந்து கட்டுரைகள் வந்துவிடுகின்றன. சீரியல், விளம்பரம், பாடல், ரியாலிட்டி ஷோ எதுவும் தப்புவதில்லை. இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நான் கல்லூரியில் படித்த காலத்தில், கதாநாயகன் கதாநாயகியை அறைந்துவிட்டுப் பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று வகுப்பெடுப்பான். திரையரங்கமே கைதட்டும். எங்களுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தும், ஆனால் அந்த உறுத்தலைச் சொல்ல ஒரு சொல் கிடைக்காது. இன்று என் மாணவிகளிடம் சொற்கள் நிறைய இருக்கின்றன. சில சமயம் சொற்கள் மட்டும்தான் இருக்கின்றன.

வகுப்பில் திரைவிமர்சனம் எழுதச் சொன்னால் வரும் தாள்களில் பாதிக்கு மேல், படத்தின் பெயரை மாற்றிவிட்டால் வேறு எந்தப் படத்துக்கும் பொருந்தும். ‘பெண்ணைப் போகப்பொருளாகச் சித்திரிக்கிறது’, ‘ஆணாதிக்கக் கருத்தியலை மறுஉற்பத்தி செய்கிறது’, ‘ஆண் பார்வையில் எடுக்கப்பட்டது’. எந்தக் காட்சியில், யார் யாரைப் பார்க்கிறார்கள், அப்போது கேமரா எங்கே நிற்கிறது என்று கேட்டால் பதில் வராது. அதே பெண்கள் மதியச் சாப்பாட்டின்போது அதே படத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்க வேண்டும். கதாநாயகி அழும்போது கண்மை கலையாதது, வில்லி மட்டும் எப்போதும் ஸ்லீவ்லெஸ் போட்டிருப்பது, மாமியாராக வருபவர் உண்மையில் மருமகளைவிட நான்கு வயதுதான் பெரியவர் என்பது, எல்லாம் பேச்சில் வரும். அதில் கோபம் இருக்கும், கிண்டல் இருக்கும், ஆசையும் இருக்கும். பேனாவை எடுத்தவுடன் அவ்வளவும் எங்கே போகிறது? அவர்கள் படிக்கும் கட்டுரைகளில் அவை இல்லை, அதனால் அவர்கள் எழுதுவதிலும் இல்லை என்று நினைக்கிறேன். ஆகவே படங்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, படங்களைப் பற்றி நாம் எழுதுவதை எடுத்துப் பார்க்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். பெக்டெல் சோதனை. ஒரு படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், ஆணைத் தவிர வேறு எதையாவது பேச வேண்டும். அலிசன் பெக்டெல் 1985இல், லெஸ்பியன் பெண்களின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் தன் படக்கதைத் தொடரில் இதை ஒரு வேடிக்கையாக வரைந்தார். யோசனை தன் தோழி லிஸ் வாலஸுடையது என்று அதிலேயே நன்றி சொல்லியிருக்கிறார். இரண்டு பெண்கள் படம் பார்க்கக் கிளம்புகிறார்கள், ஒருத்தி தன் மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறாள், தன்னால் கடைசியாகப் பார்க்க முடிந்த படம் 1979இல் வந்த ‘ஏலியன்’தான் என்கிறாள். பெண்கள் பெண்களோடு வாழும் உலகத்தைத் திரையில் தேடிக் கிடைக்காமல் போனவர்களின் கசப்பான சிரிப்பு அது. பிறகு அந்தச் சிரிப்பு அளவுகோல் ஆனது. 2013இல் ஸ்வீடனில் சில திரையரங்குகள் படங்களுக்கு அதை வைத்துச் சான்று தரவும் தொடங்கின. அளவுகோலானதும், அதைச் சொன்னவர்கள் யார், ஏன் சொன்னார்கள் என்பது மறந்துபோயிற்று. நம் தொலைக்காட்சித் தொடர்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் பெரும்பாலானவை முதல் பத்து நிமிடத்திலேயே தேறிவிடும். சொத்துப் பத்திரம், பீரோ சாவி, கம்பெனிப் பங்கு என்று பெண்கள் பெண்களோடு பேசிக்கொண்டே இருக்கிறார்கள். விண்வெளியில் ஒருத்தி தன்னந்தனியாகப் பிழைத்து வரும் ‘கிராவிட்டி’ தேறாது. சோதனை தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆண்டில் வெளியான நூறு படங்களை மொத்தமாகப் பார்க்க அது உதவும். ஒரு படத்தைப் பற்றிய தீர்ப்பாக அதைத் தூக்கிக்கொண்டு வரும் கட்டுரையைப் பார்த்தால், எழுதியவர் அன்று அவசரத்தில் இருந்தார் என்று புரிந்துகொள்கிறேன்.

‘ஆண் பார்வை’யின் கதை இதைவிடச் சிக்கலானது. லாரா மல்வி 1975இல் ‘ஸ்கிரீன்’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. திரையில் பெண் பார்க்கப்படுகிறாள், ஆண் பார்க்கிறான், கேமராவும் கதாநாயகனும் இருட்டில் உட்கார்ந்திருப்பவனும் ஒரே கண்ணாகிவிடுகிறார்கள் என்றார். ஹிட்ச்காக்கையும் ஸ்டெர்ன்பெர்கையும் வைத்து, உளப்பகுப்பாய்வின் துணையோடு, ஹாலிவுட் தரும் இன்பத்தையே உடைத்துப்போட வேண்டும் என்ற கோபத்தோடு எழுதப்பட்ட கட்டுரை. அதில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. படம் பார்க்க வந்த பெண்ணின் இருக்கை. அவள் எதைப் பார்த்தாள், எப்படி ரசித்தாள் என்று பலரும் கேட்டார்கள். மல்வியே 1981இல் மறுபடியும் எழுத வேண்டியிருந்தது.

அந்தக் காலி இருக்கையில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்து வேறு ஒரு கேள்வியைக் கேட்டவர் பெல் ஹூக்ஸ். 1992இல் அவர் எழுதிய கட்டுரையை நான் மாணவிகளுக்கு மல்விக்கு முன்பாகவே கொடுக்கிறேன். பார்ப்பதே தண்டனைக்குரிய குற்றமாக இருந்த அடிமைமுறையின் நினைவோடு அவர் தொடங்குகிறார். பார்க்க உரிமை மறுக்கப்பட்டவர்கள் பார்க்கத் துணிந்தால் அது எப்படிப்பட்ட பார்வையாக இருக்கும்? திரையில் ஆசைக்குரியவளாகக் காட்டப்பட்டவள் வெள்ளைக்காரி. கறுப்பினப் பெண் போகப்பொருளாகக்கூட அங்கே இல்லை, வேலைக்காரியாக ஓரத்தில் நின்றாள். அப்படியிருக்க, ‘பெண்’ பார்க்கப்படுகிறாள் என்று எழுதும்போது எந்தப் பெண்ணைச் சொல்கிறோம் என்பது அவர் கேள்வி. ஹூக்ஸையும் இதே கண்ணோடுதான் படிக்க வேண்டும். 2016இல் பியான்ஸேயின் ‘லெமனேட்’ தொகுப்பை அவர் கடுமையாக விமர்சித்தபோது, அவர் எழுத்தைப் படித்து வளர்ந்த கறுப்பினப் பெண்ணியவாதிகள் பலர் பொதுவெளியிலேயே அவரோடு மோதினார்கள். அவர் கற்றுக்கொடுத்ததை அவரிடமே காட்டினார்கள். எனக்கு அந்த விவாதம் பிடித்திருந்தது.

தமிழுக்கு வருகிறேன். நம் திரையில் ஆசைக்குரியவளாக நிறுத்தப்படுபவள் பெரும்பாலும் வெளுத்த தோல் உடையவள், வடக்கிலிருந்து வந்தவள், இரவல் குரலில் தமிழ் பேசுபவள். என் வகுப்பில் இருக்கும் கறுத்த பெண்ணுக்கு அந்த ‘ஆண் பார்வை’ செய்யும் தீங்கு வேறு மாதிரியானது. அவளை அது பார்ப்பதே இல்லை. அல்லது நகைச்சுவை நடிகரின் ஜோடியாகக் கொண்டுவந்து நிறுத்திச் சிரிக்க வைக்கிறது. ‘பெண்ணைப் போகப்பொருளாக்குகிறது’ என்ற வாக்கியத்தை அவளும் தன் தாளில் எழுதுகிறாள். அது அவளுடைய கோபம் இல்லை, கடன் வாங்கிய கோபம். தன் கோபத்தை அவள் எழுதியிருந்தால் அந்தத் தாள் வேறாக இருந்திருக்கும்.

‘பரியேறும் பெருமாள்’ 2018இல் வந்தபோது, ஜோ என்ற பாத்திரத்தைப் பற்றிப் பெண்கள் சிலர் எழுதியதும் பேசியதும் நினைவிருக்கிறது. சட்டக் கல்லூரியில் படிக்கும் பெண்ணை இப்படியா வெகுளியாக, குழந்தைபோலக் காட்டுவது என்ற கேள்வி நியாயமானது. தமிழ் சினிமாவின் பழைய ‘லூசுப் பெண்’ இவள் என்று சிலர் முடித்துக்கொண்டார்கள். அதே பாத்திரத்தைச் சாதியின் பக்கமிருந்து பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. தன் வீட்டுத் திருமணத்துக்கு அவள் ஆசையாக அழைத்ததால்தான் பரியன் அங்கே அடிபட்டான், அவமானப்பட்டான். அவளுக்கு மட்டும் கடைசிவரை அது தெரியாது. தெரியாமல் இருக்க முடிவது அவள் பிறந்த வீடு அவளுக்குத் தந்த சலுகை. அந்த வெகுளித்தனத்தின் விலையை வேறொருவன் உடம்பு கொடுக்கிறது. இந்த இரண்டு வாசிப்பில் எது சரி? எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் முதல் வாசிப்போடு நின்றுவிட்ட கட்டுரைகள், ‘பெண்’ என்ற சொல்லுக்குள் ஜோ எந்தச் சாதிப் பெண் என்று கேட்கவில்லை. இரண்டாவதோடு நின்றவை, தன் காதலைத் தன் வீடே எப்படிக் கையாண்டது என்பதை ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் வைத்தே கதையை முடித்ததைக் கேட்கவில்லை. அப்பாவும் பரியனும் தேநீர்க் கடையில் பேசிக்கொள்கிறார்கள். அவள் வாழ்க்கையைப் பற்றிய பேச்சுதான் அது. அவளுக்கு அதில் இடமில்லை.

இனி எனக்கு மிக முக்கியமாகப்படும் விஷயம். நாம் பழிக்கும் ஒன்றை ரசிக்கும் பெண்களை நம் எழுத்து என்ன செய்கிறது?

நெதர்லாந்தில் இயென் ஆங் என்ற ஆய்வாளர், 1980களின் தொடக்கத்தில் உலகமே பார்த்த ‘டாலஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி ஒரு பெண்கள் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தார். எனக்கு இந்தத் தொடர் பிடிக்கும், சொன்னால் பலர் வினோதமாகப் பார்க்கிறார்கள், உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள் என்பது அதன் சாரம். 42 கடிதங்கள் வந்தன. அவற்றில் அவர் கவனித்தது இது. பிடிக்காதவர்களுக்குத் தயாரான வாக்கியங்கள் இருந்தன. குப்பை, வணிகம், மூளைச்சலவை என்று தடுமாறாமல் எழுதினார்கள். பிடித்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்டார்கள், சும்மா கிண்டலுக்காகப் பார்க்கிறேன் என்றார்கள், தற்காத்துக்கொண்டார்கள். தன் ஆசையை நேராகச் சொல்ல அவர்களுக்கு ஒரு மொழி இல்லை. நம் பெண்ணியச் சொற்களும் சில இடங்களில் இந்தத் தயாரான வாக்கியங்களின் வேலையைத்தான் செய்கின்றன. அவற்றைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகும் பெண், இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சி முன் உட்காரும் அம்மாவை முதலில் பார்ப்பது ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1984இல் வெளியிட்ட புத்தகம் இதே சிக்கலை வேறு இடத்திலிருந்து தொட்டது. ஒரு சிறு நகரத்தில், புத்தகக் கடையில் வேலைசெய்த ஒரு பெண்மணியின் சிபாரிசை நம்பிக் காதல் நாவல்கள் வாங்கும் இல்லத்தரசிகளிடம் பேசினார். கதையைப் பற்றிக் கேட்கப்போனவரிடம் அவர்கள் கதை படிக்கும் நேரத்தைப் பற்றிச் சொன்னார்கள். புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் நான் இப்போது இங்கே இல்லை என்று அர்த்தம். நாள் முழுவதும் பிறரைக் கவனித்துக்கொள்பவளுக்கு, தன்னைக் கவனிக்கும் ஒரே இடம் அந்த நாவல். கதையைப் படித்தால் ஆணாதிக்கம் தெரிகிறது, படிக்கும் செயலைப் பார்த்தால் ஒரு சின்ன மறுப்பு தெரிகிறது. ராட்வே இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மறுப்பு நாவலுக்குள்ளேயே ஆறிப்போய், அவள் மறுபடி அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறாள் என்ற கவலையையும் எழுதினார். எனக்கு அவரோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. பெண்ணியவாதி ஒரு பக்கம், நாவல் படிக்கும் பெண் மறுபக்கம் என்று அந்தப் புத்தகம் கோடு போட்டுக்கொண்டுதான் நடக்கிறது. கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே ஆள் நிற்க முடியாதா?

முடியும். ரமணிசந்திரனின் நாவல்கள் தமிழ்நாட்டு வாடகை நூலகங்களில் அட்டை கிழிந்து, பைண்டு செய்து, மறுபடி கிழியும்வரை சுற்றின. நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள். திமிர் பிடித்த பணக்கார நாயகன், தன்மானமுள்ள ஏழை நாயகி, ஒரு தவறான புரிதல், கடைசியில் அவன் மனம் திருந்தி அவள் கையைப் பிடிப்பது. இதைப் பெண்ணிய நோக்கில் பிரித்துப்போட அரை மணி நேரம் போதும். என் சித்தி ஒருவர் கூட்டுக் குடும்பத்து வேலையெல்லாம் முடித்துவிட்டு, மாடிப்படியின் ஐந்தாவது படியில் உட்கார்ந்து இவற்றைப் படிப்பார். ஐந்தாவது படி ஏன் என்றால், அங்கே உட்கார்ந்தால் கூடத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. நாயகன் மன்னிப்புக் கேட்கும் பக்கத்தை மட்டும் மடக்கி வைத்திருப்பார். வாழ்நாளில் ஒரு ஆண் தன்னிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்க்காத பெண் அவர். அந்த மடக்கிய பக்கத்தை ‘போலியான ஆறுதல்’ என்று எழுதலாம். இப்படி ஒன்று தனக்கு நடந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றும் எழுதலாம். சங்கத்துக்குப் போய் மாதர் தினத்தில் பேசியவரும் அதே சித்திதான்.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுதும்போது இன்னொரு கோளாறு சேர்ந்துகொள்கிறது. முடிவை வைத்துத் தீர்ப்பு எழுதும் பழக்கம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். ‘கோலங்கள்’ 2003இல் தொடங்கி 2009வரை ஓடியது, ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பகுதிகள். கட்டுமானத் தொழில் நடத்தும் அபி என்ற பெண், ஆறு ஆண்டுகள், வாரத்தில் ஐந்து நாள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் வந்துபோனாள். யாருக்கும் கடைசிப் பகுதி நினைவில்லை. பெண்களுக்கு நினைவிருப்பது அவள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது. தாலிக்கும் குடும்பத்துக்கும் அந்தத் தொடர் கட்டிய கோயிலைப் பற்றி எழுதுங்கள், அவசியம் எழுதுங்கள். அந்த நாற்காலியையும் சேர்த்து எழுதுங்கள்.

அதை எடுத்த திருச்செல்வமே 2022இல் ‘எதிர்நீச்சல்’ தொடங்கினார். படித்த பெண்களாகப் பார்த்து மருமகள்களாக்கி, ஒருத்தியையும் வேலைக்கு அனுப்பாத ஆதி குணசேகரனின் வீடு. நான்கு மருமகள்கள் மெல்ல மெல்ல அவனை எதிர்க்கிறார்கள். பெண்ணடிமைத்தனத்தை வெளிச்சமிடும் தொடர் என்றும், அதைக் காட்டிக் காட்டியே காசு பார்க்கும் தொடர் என்றும் இரண்டு விதமாகவும் சொன்னார்கள். இரண்டுமே தொடரைப் பற்றியவை. நடந்ததோ பார்ப்பவர்களிடம். குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் பேச்சு ஊரெங்கும் மீம் ஆனது. அதட்டலைக் கேட்டு ஆண்கள் சிரித்தார்கள், பெண்களும் சிரித்தார்கள். ஒரே சிரிப்பா அது? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பா அதட்டும்போதெல்லாம் மகள்கள் ‘குணசேகரன் வந்துட்டார்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். அதுவரை அந்த அதட்டலுக்கு அந்த வீட்டில் பெயர் இல்லை. இன்னொரு வீட்டில் ஒரு பையன் அதே பேச்சைத் தன் தங்கையிடம் பேசிக் காட்டிப் பழகினான். 2023 செப்டம்பரில் மாரிமுத்து திடீரென்று இறந்தபோது துக்கப்பட்டவர்களில் குணசேகரனைத் தினமும் வைதுகொண்டிருந்த பெண்களும் உண்டு. இதையெல்லாம் கேட்காமல், தொடரை மட்டும் வைத்துக்கொண்டு அது பெண்களை ‘என்ன செய்கிறது’ என்று எழுத முடியாது. வரவேற்பறைக்குப் போக வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், சீரியல் பார்க்கிற பொறுமையும் வேண்டும்.

ரசிப்பவர்களின் பக்கம் நிற்கிறேன் என்பதற்காக எல்லாவற்றையும் கொண்டாட வேண்டியதில்லை. பெண்ணியத்தின் சொற்களைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்ட பிறகு எழுதப்பட்ட பாராட்டுக் கட்டுரைகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. துணி துவைப்பது ஏன் பெண்ணின் வேலை மட்டும் என்று ஏரியல் 2015 முதல் இந்தியாவில் விளம்பரம் செய்தது. அழகான விளம்பரம், கண்ணீர் வரும். முடிவில் கணவன் அதே பவுடரை வாங்குகிறான். எல்லாப் பெண்ணும் அழகுதான் என்று 2004இல் டவ் சொல்லத் தொடங்கியபோது, அதை விற்ற யூனிலீவர் நம் ஊரில் ஃபேர் அண்ட் லவ்லியும் விற்றுக்கொண்டிருந்தது. ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துப் பெயரை மாற்றியது 2020இல். விளம்பரத்தை விமர்சிக்கும் ஒரு பத்தியாவது கம்பெனியின் கணக்குப் புத்தகத்தின் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை.

‘தி கிரேட் இண்டியன் கிச்சன்’ பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஜியோ பேபி இயக்கிய இந்த மலையாளப் படம் 2021 ஜனவரியில் வந்தது. தமிழிலும் 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்க மறுபடி எடுக்கப்பட்டது. நம் பெண்கள் பெரும்பாலோர் மலையாளத்தையே பார்த்தார்கள், அதைப் பற்றியே எழுதினார்கள். எழுதியதில் மிகுதியும் திரும்பத் திரும்ப வந்த சொற்றொடர் ‘எல்லா வீட்டுக் கதை’, ‘நம் எல்லோருடைய அடுப்படி’.

அந்தக் கட்டுரைகளில் எனக்குப் பிடித்தவை, படம் என்ன செய்கிறது என்று முதலில் சொன்னவை. நறுக்குவது, தாளிப்பது, பரிமாறுவது, மேசையில் துப்பிய முருங்கைக்காய்ச் சக்கையை வழிப்பது, ஒழுகும் குழாய்க்கு அடியில் வைத்த வாளியைக் காலிசெய்வது, மறுநாள் அதே நறுக்குவது. ஒருமுறை பார்க்கும்போது பசிக்கிறது. நாலாவது முறை குமட்டுகிறது. இசை இல்லை, வசனம் குறைவு. பார்ப்பவரின் பொறுமையைச் சோதித்தே அவள் பொறுமையைப் புரிய வைக்கிறது படம். ‘வீட்டு வேலையின் சுமையைச் சொல்லும் படம்’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு உடனே தன் சொந்தக் கதைக்குப் போன கட்டுரைகளும் உண்டு. உருக்கமாகவே இருந்தன. ஆனால் அவை விமர்சனமல்ல, கடிதங்கள்.

‘எல்லா வீட்டுக் கதை’க்கு வருவோம். அரிசியை விறகடுப்பில்தான் வேகவைக்க வேண்டும், சட்னியை அம்மியில்தான் அரைக்க வேண்டும், துணியை மெஷினில் போடக் கூடாது என்று மாமனார் சொல்லும் வீடு அது. வசதி இருந்தும், சுவைக்காகவும் பெருமைக்காகவும் பெண்ணின் உழைப்பை வேண்டுமென்றே கூட்டிக்கொள்ளும் வீடு. வேறு வழியில்லாமல் விறகடுப்பில் சமைப்பவளின் வீடு இல்லை. மாதவிடாய் என்றால் அறையில் ஒதுக்கிவைத்து வேறொருத்தியைக் கூப்பிட்டு வேலை வாங்க முடிந்த வீடு. அந்த வேறொருத்திதான் உஷா. தனக்கும் மாதவிடாய் வரும், அதை யாரிடமும் சொல்லாமலே வீடு வீடாக வேலைக்குப் போகிறேன், சொன்னால் வருமானம் போய்விடும் என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். சாதியைக் கேள்வியாக எழுப்பிய பெண்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இது ஆதிக்கச் சாதி அடுப்படி, இதை இந்திய அடுப்படி என்று அழைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது, அடுத்த வீட்டு அடுப்படியில் எச்சில் பாத்திரம் தேய்ப்பவளின் விடுதலை எப்போது படமாகும் என்றார்கள். கதாநாயகி சாக்கடைத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியேற முடிந்தது, திரும்பிப் போக ஒரு வீடும் கையில் ஒரு கலையும் இருந்ததால்தான் என்றார்கள். முடிவில் அவள் கார் ஓட்டி வந்து நடனம் சொல்லிக்கொடுக்கிறாள்.

கேள்வி சரியானது, முதல் தொகுதிக் கட்டுரைகளில் அது இல்லாமல் போனது சாதாரண மறதி இல்லை. ஆனாலும் உஷாவைப் படம் வெறும் ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டது என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அந்த ஒரு காட்சி படத்தின் மற்ற எல்லாத் தீட்டுக் காட்சிகளின் அடித்தளத்தையும் பெயர்த்துவிடுகிறது. அவள் தொட்டுச் சமைத்ததை அந்த வீட்டு ஆண்கள் சாப்பிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்ட கணவன், தடுமாறி விழும்போது தூக்க வந்த மனைவியின் கைபட்டதற்குப் பரிகாரம் தேடுகிறான். பார்ப்பவளுக்கு உஷா நினைவுக்கு வந்தால் அந்தப் பரிகாரம் முழுக்கப் பொய்யாகிவிடுகிறது. 2018 செப்டம்பரில் வந்த சபரிமலைத் தீர்ப்பை ஒட்டி நடந்த அத்தனை கூச்சலுக்கும் உஷாவிடம் ஒரே வாக்கியத்தில் பதில் இருக்கிறது. படத்துக்கு அது தெரிந்திருக்கிறது. ‘நம் எல்லோருடைய அடுப்படி’ என்று எழுதியவர்கள்தான் அதைத் தாண்டிப் போனார்கள், ஏனென்றால் அந்தக் காட்சியில் அவர்கள் அறைக்குள் உட்கார்ந்திருந்தவளின் இடத்தில் இருந்தார்கள். ‘நாம்’ என்று ஒரு விமர்சகி எழுதும்போது நான் பென்சிலால் அடியில் கோடு போடுவது இதனால்தான். அந்த ‘நாம்’ கட்டுரை நெடுகிலும் ஒரே அளவில் இருக்கிறதா? சமைப்பவள் அதில் உண்டு. பாத்திரம் தேய்ப்பவள் உண்டா? நாலாவது பத்தியில் அவள் ‘அவர்கள்’ ஆகிவிடுகிறாளா?

மாணவிகளிடம் இந்தப் படத்தைப் பற்றிய மூன்று கட்டுரைகளைக் கொடுத்து, படத்தை அல்ல, கட்டுரைகளை விமர்சிக்கச் சொன்னேன். ஒரு பெண் எழுதிய தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அவள் அம்மா மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறார். மூன்று கட்டுரைகளுமே இரண்டாவது மனைவியைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை என்று அவள் கவனித்திருந்தாள். கடைசியில் அதே அடுப்படியில் புதிதாக ஒருத்தி வந்து நிற்கிறாள். கட்டுரையாளர்கள் அதை ‘ஆணாதிக்கம் தொடர்கிறது’ என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள், கதாநாயகியின் நடனத்துக்குத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். வெளியேறியவளைப் பற்றி எழுத ஆள் நிறைய, வந்து மாட்டிக்கொண்டவளைப் பற்றி எழுத ஆளில்லை என்பது அவள் குறை. கீழே இன்னொரு கேள்வியும் எழுதியிருந்தாள், விடைத்தாளில் மிச்சமிருந்த இடத்தில், சின்ன எழுத்தில். அந்தப் புது மனைவி வந்த பிறகும் உஷாவைக் கூப்பிடுகிறார்களா, கூலியை ஏற்றிக் கொடுத்தார்களா? நான் மதிப்பெண் போட்டுவிட்டு, அதையே முதல் வரியாக வைத்து மறுபடி எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.